ஏன் தலையாட்டினாய், செலின்?

ஏட்டி செலினே, என் கூடப்பிறக்காத தங்கச்சியே,

உன்னைக் கொஞ்சிக் கூப்பிட்டு ஆரம்பிக்க இன்றைக்கு மனசு வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்து குந்தியிருக்கிறது. நீ போன நாளிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது. இன்றைக்கு அதை முழுசாகக் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். நீ குறுக்கே பேசப்போவதில்லை, எனக்கு அதுவும் வசதிதான்.

நேற்று குளச்சலில் உனக்கு ஆண்டுப் பூசை வைத்தார்கள். நானும் வந்திருந்தேன். பூசை முடிந்து வெளியே வருகையில் உங்கள் தெருக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா அடக்கமான பிள்ளை தெரியுமா டீச்சரே? ஒருத்தருக்க மனசும் நோகப் பேசினதில்ல. வாயத் தொறந்து ஒண்ணும் கேட்டதில்ல" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தம்மாள் கையை உதறிவிட்டேன். வாய் திறக்காததற்கா பாராட்டு? வாய் திறக்காமல்தானேடி நீ செத்தாய்?

சுனாமி வந்துபோன மறு வருஷம் நாம் எம்.ஃபில். சேர்ந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் சில வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்தவள், அதனால் உனக்கு 'அக்கா' ஆகிவிட்டேன். ஒரே மேசையைக் கொடுத்தார்கள். முதல் நாளே, "அக்கா, ஒங்க சேலையில ரப்பர் ஷீட்டு மணக்குது" என்றாய். "ஒனக்க பையில நெத்திலி மணக்குது, நான் சொன்னேனா?" என்று திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பேராசிரியர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வாய் இல்லாதவளா நீ?

நமக்குக் கொடுத்த வேலை தவளைத் தோல். ஒரு துண்டுத் தோலை இரண்டு சின்ன அறைகளுக்கு நடுவே இறுக்கிப் பொருத்தி, இரு பக்கமும் உப்புக் கரைசல் ஊற்றிவைத்தால், தவளை போன பிறகும் அந்தத் தோல் மணிக்கணக்கில் வேலை செய்யும். வெளிப்பக்கத்துச் சோடியத்தை உள்பக்கத்துக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். கடத்துவது மீட்டரில் மின்சாரமாகத் தெரியும். எந்த வாசல் வழியாகக் கடத்துகிறது என்பதுதான் தெரியாது. அதற்குத்தான் தடுப்பு மருந்துகள். ஒரு மருந்து ஒரு வாசலை மட்டும் அடைக்கும். அடைத்ததும் மின்சாரம் விழுந்தால், சோடியம் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். "வீட்டுக் குழாயில எந்த வால்வுல தண்ணி வருதுன்னு ஒவ்வொண்ணா மூடிப் பாக்கமாட்டோமா, அதேதான்" என்று நீ முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாய். நான் இப்போதும் கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதல் மாதம் நாம் பட்ட பாடு! மீட்டர் முள் எதிர்ப்பக்கம் போனது. ஒயரை மாற்றிச் சொருகியிருப்போம் என்று நினைத்து நான் ஒயரைப் பிடுங்கி மாற்றினேன். முள் சரியாக வந்தது, நிம்மதியாகிவிட்டோம். அப்புறம் அமிலோரைடு என்ற தடுப்பு மருந்தை ஊற்றினால் ஒன்றும் ஆகவில்லை. உவாபைன் என்ற இன்னொன்றை ஊற்றினால் அதற்கும் அசைவில்லை. மருந்து பழசு, கெட்டுப்போயிருக்கும், புதிதாக வாங்க வேண்டும் என்றார் பேராசிரியர். நீதான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய். "அக்கா, ஒயரு சரியாத்தான் இருந்துது. நாம தோலைத் திருப்பி மாட்டிட்டோம்" என்றாய்.

அமிலோரைடு வெளிப்பக்கத்து வாசலை அடைக்கிற மருந்து, வெளியில் ஊற்றினால்தான் பலிக்கும். உவாபைன் பிடிப்பது சோடியத்தைத் தள்ளுகிற, உள்பக்கத்தில் இருக்கிற பம்பை, அதை உள்ளே ஊற்ற வேண்டும். இரண்டையும் நாம் பக்கம் மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தோம். தோலைத் திருப்பிப் பொருத்தி ஊற்றியதும் முள் சரசரவென்று இறங்கியது. நீ கையைத் தட்டிக்கொண்டு குதித்தாய். முள் எதிர்ப்பக்கம் போன அன்றே தோல் நமக்கு உண்மையைச் சொல்லிவிட்டது, நாம்தான் ஒயரை மாற்றி அதன் வாயை அடைத்தோம் என்று அன்று முழுக்கப் புலம்பினாய்.

அதற்கப்புறம் உன் சொந்த வேலையைத் தொடங்கினாய். உள்பக்கக் கரைசலில் பொட்டாசியத்தைக் குறைத்துவிட்டு உவாபைன் ஊற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தாய். மருந்தின் அளவு பழைய அளவுதான், ஆனால் பொட்டாசியம் குறைந்த இடத்தில் அது பம்பைச் சீக்கிரமாகவும் இறுக்கமாகவும் பிடித்தது. மருந்தே ஊற்றாமல் பொட்டாசியத்தை மட்டும் குறைத்தும் பார்த்தாய். ஒன்றை ஒன்றோடு ஒப்பிடாமல் ஒரு வார்த்தை எழுதமாட்டாய். அவ்வளவு கவனக்காரி.

ஒரு மத்தியானம், தோல் ஓடிக்கொண்டிருக்கும்போது, பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் முன்னால் போட்டாய். டிகாக்சின். "நாம தவளைக்கு ஊத்துற உவாபைனுக்க சொந்தக்காரனைத்தான் அக்கா நான் தெனமும் முழுங்குதேன்" என்றாய். சின்ன வயசில் வந்த காய்ச்சல் இதயத்து வால்வைச் சுருக்கிவிட்டது, திருவனந்தபுரத்தில் பார்க்கிறோம், இதோடு நீர் பிரிகிற மாத்திரையும் உண்டு, அது பொட்டாசியத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும் என்று ஏதோ அடுத்த வீட்டுக்காரி கதை மாதிரிச் சொன்னாய். நான் அட்டையை எடுத்துப் பெயரை மறுபடியும் படித்தேன். நீ மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "தவளைத் தோலை வைத்து இவ்வளவு செய்திருக்கிறீர்கள், மனிதனுக்கு இதனால் என்ன?" என்று கேட்டார். நீ நிமிர்ந்து நின்று சொன்னாய். இதே குடும்பத்து மருந்தைச் சாப்பிடுகிற நோயாளிக்கு வாந்தியோ பேதியோ வந்து பொட்டாசியம் குறைந்தால், அதுவரை அளவாக இருந்த மாத்திரையே விஷமாகிவிடும், அப்படிப்பட்டவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்றாய். அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாய். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் காதால் கேட்டேன், செலின்.

அந்த வாய் பிறகு எங்கே போனது?

கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வின்சென்ட்டுக்கு வளைகுடாவில் வேலை, நல்ல குடும்பம். நெஞ்சு விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று உன் அம்மா ஒற்றைக்காலில் நின்றார்கள். கல்யாணக் கெட்டு முடிவதற்கு முன்னால் சொல்லிவிடு என்று நான் உன்னிடம் சண்டை போட்டேன். கெட்டு முடிந்து சொல்கிறேன் என்றாய். முடிந்தபிறகு கேட்டேன். "சொல்லியாச்சு அக்கா, அவுக ஒண்ணும் நெனக்கல்ல" என்றாய் சிரித்துக்கொண்டே. நான் நம்பினேன். உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவது? ஆய்வில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள், என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாய்.

உண்மை நீ போனபிறகு உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உன் ஊர்க் கடையில் வாங்கினால் பேச்சு பரவும் என்று உன் அம்மா தக்கலைக்குப் போய் மாத்திரை வாங்கி, கருவாட்டுப் பொதிக்குள் வைத்து உன் மாமியார் வீட்டுக்குக் கொண்டுவருவார்களாம். நீ அதை அட்டையிலிருந்து பிதுக்கி, கால்சியம் மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வாயாம். அம்மாவை நான் என்ன சொல்ல? பயந்தவர்கள். ஆனால் மருந்தின் பெயரை மருந்திலிருந்து உரித்தெடுப்பது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று படித்தவள் நீ. பெயர் எழுதாத ஒரு குப்பியை நம் மேசையில் யாராவது வைத்துவிட்டால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாய். வீட்டில் நீயே அதைச் செய்தாய்.

உன் அடக்கத்தன்று உன் மாமியார் என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே சொன்னார்கள். "சோறு எறங்கல்ல மோளே, எப்பவும் ஓங்கரிப்பும் வாந்தியும். அப்புறம் ஒருநாள் எல்லாமே மஞ்சளா தெரியுதுன்னு சொன்னா. சொவரு மஞ்சளா, பாலு மஞ்சளா. காமாலைன்னு உடனே வைத்தியர்கிட்ட கொண்டுபோனேன். பச்சிலை அரைச்சுக் குடுத்தாவ, பேதிக்கும் குடுத்தாவ. உப்பில்லாப் பத்தியம். நான் எனக்க மோளு மாதிரி இருந்து பாத்தேன்."

"கண்ணு மஞ்சளா இருந்துதா அம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மோளே. கண்ணு நல்ல வெள்ளையாத்தான் இருந்துது. அவளுக்குத்தான் எல்லாம் மஞ்சளா தெரிஞ்சுது."

காமாலை வந்தவருக்குக் கண்தான் மஞ்சளாகும். பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று நம் ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது, ஆனால் அப்படித் தெரிவது மிகவும் அபூர்வம். டிகாக்சின் உடம்பில் மிஞ்சினால் அப்படித் தெரியும். வாந்தி வரும், சாப்பாடு இறங்காது, வெளிச்சமெல்லாம் மஞ்சளாகும். உன் மாமியாருக்கு இது தெரியவேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் எல்லோரும் செய்கிறதைச் செய்தார்கள். உனக்குத் தெரியும். வாந்தியில் போனது பொட்டாசியம், பேதியில் போனது பொட்டாசியம், நீர் மாத்திரையில் போனது பொட்டாசியம். இத்தனையும் போய்க்கொண்டிருக்கும்போது அந்தக் கால்சியம் டப்பாவைத் திறந்து தினமும் ஒன்று முழுங்கினாய். பச்சிலையையும் வாங்கிக் குடித்தாய். காமாலைக்காரியாக நடித்தாயா, இல்லை உண்மையிலேயே அது காமாலையாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாயா?

இதுகூடப் பரவாயில்லை என்பேன். மாமியார் அடுத்துச் சொன்னதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை. நீ தளர்ந்துபோனதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே இருந்த டாக்டர் இளம் பையன்தானாம், ஆனால் சரியாகக் கேட்டிருக்கிறான். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று. "கால்சியம் மட்டும்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள் உன் மாமியார். அவன் உன் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்று கேட்டிருக்கிறான். உனக்கு அப்போது நல்ல நினைவு இருந்தது. நீ அவர்களையும் பார்த்துவிட்டு, அவனையும் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாய்.

ஏன் செலின்? மாமியார் பக்கத்தில் நின்றார்கள் என்பதற்காகவா? அவர்கள் என்ன செய்துவிடுவார்கள்? திட்டியிருப்பார்கள், அழுதிருப்பார்கள், உன் அம்மாவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டுமே! தேர்வு அறையில் நீ சொன்ன கேள்வி அப்படியே உன் கட்டிலுக்கு வந்து நின்றது. பதில் உன் வாயில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை.

உன் ரத்தத்தில் மருந்தை யாரும் அளக்கவில்லை, அப்புறம் நீங்கள் எப்படி நிச்சயமாகச் சொல்லலாம் என்று நீ கேட்பாய். கேட்கிற ஆள்தான். சரி, நிரூபிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இன்னொரு செலின் இல்லை. இது போதுமா உனக்கு?

வின்சென்ட் வந்தபிறகு அவரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். "கெட்டுக்கு முன்ன சொல்லியிருந்தா நான் கெட்டியிருப்பேனான்னு எனக்கே தெரியாது டீச்சர். பொய் சொல்லப்பிடாதுல்லா? ஆனா கெட்டினதுக்கு அப்புறம் சொல்லியிருந்தா விட்டுட்டா போயிருப்பேன்?" என்றார். அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தர்ப்பத்தைக்கூட நீ கொடுக்கவில்லை. இப்போது ஊருக்கு வருவதையே நிறுத்திவிட்டார். உன் அம்மாவிடமும் சொன்னேன். அவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், அப்புறம் இதை வெளியே சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார்கள்.

சரி, இனி இங்கத்துச் செய்தி. கல்லூரியில் இப்போது தவளை கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வந்துவிட்டது, பிள்ளைகள் பட்டனை அழுத்தி மருந்து ஊற்றுகிறார்கள். தோலைத் திருப்பி மாட்ட வழியே இல்லை. தவளைகளுக்கு நல்லதுதான்.

இன்னொரு செய்தி உன் தங்கச்சி ஷைனி. அவளுக்கும் அதே காய்ச்சல் வந்து அதே வால்வு கெட்டது உனக்குத் தெரியும். இப்போது உன் மாத்திரையேதான் அவளுக்கும். போன மாதம் உன் அம்மா குலசேகரத்துக்கு என் வீடு தேடி வந்தார்கள், ஒரு பெரிய நெய்மீன் துண்டோடு. ஷைனிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, பையனுடைய அக்காள் என்னோடு வேலை பார்க்கிறவள், எப்படியும் என்னிடம் விசாரிப்பாள். "நீ ஒண்ணும் சொல்லிராத மக்களே" என்றார்கள்.

நான் கத்தினேன். உன்னிடம் கத்த வேண்டியதையெல்லாம் அவர்களிடம் கத்தினேன். ஒரு பெண்ணை மண்ணுக்குள் வைத்துவிட்டு இன்னொருத்திக்கும் அதே டப்பாவா என்று கேட்டேன். அவர்கள் அழவில்லை. "சொன்னா எவன் வருவான், நீ சொல்லு. ஒருத்திய சொல்லாமக் கெடுத்தேன். இவளச் சொல்லிக் கெடுக்கணுமா?" என்றார்கள். எவன் வருவான் என்பது நியாயமான கேள்விதான் என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பொண்ணுக்குச் சளி பிடித்தாலே விசாரிக்கிற ஊர் இது.

நான் ஷைனியிடம் போனேன். இது உன் உடம்பு, நீ சொல்லாமல் நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். அவள் அக்காள் ஆஸ்பத்திரியில் தலையாட்டிய கதையைச் சொன்னேன். "அக்கா காமாலையிலதானே செத்தா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியவே தெரியாது, செலின். அதே மாத்திரையைத் தினமும் தின்கிற பிள்ளையிடம் ஒருவரும் சொல்லவில்லை.

ஷைனிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. போனில் பேசிக்கொண்டும் இருந்தார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, அவளே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். வால்வு, மாத்திரை, அதன் பெயர், எல்லாவற்றையும். அவன் "நான் வீட்டுல பேசுதேன்" என்றிருக்கிறான். மறுவாரம் அவன் அக்காள் கல்லூரியில் என்னிடம் வந்து, ஜாதகம் பார்க்கிற குடும்பம் இல்லை நாங்கள், ஆனாலும் இது சரிப்படாது என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பையன் அப்புறம் போனே எடுக்கவில்லை.

நேற்று பூசை முடிந்து உங்கள் வீட்டுக்குப் போனபோது ஷைனி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க செத்த கூட்டுக்காரிமேல உள்ள கோவத்துக்கு என்னைய பலி குடுத்துட்டீங்க! நான் ஒங்களைக் கேட்டனா? அவன் சிரிச்சா எனக்கு எப்பிடி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கத்தினாள். மூச்சு வாங்கியது, நாற்காலியில் உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், எழுந்து மறுபடியும் கத்தினாள். உன் அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. நான் நின்று கேட்டேன். அவள் சொன்னதில் பாதி உண்மை. நான் அவளிடம் போனது அவளுக்காக மட்டும் இல்லை, உன்னை எங்கேயாவது ஜெயித்துவிட வேண்டும் என்றும்தான். அதனால் என்ன? போனது போனதுதான். மறுபடியும் போகவேண்டி வந்தால் போவேன்.

அவள் கத்தக் கத்த எனக்கு ஒன்று தோன்றியது. நீ என்னிடம் ஒரு தடவைகூட இப்படிக் கத்தியதில்லை. கத்தியிருக்கலாம், செலின். உங்களுக்கு என்ன தெரியும், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று என் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டு பொய் சொன்னதற்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்த மாதம் ஷைனிக்குத் திருவனந்தபுரத்தில் பரிசோதனை. "நீங்க வரண்டாம்" என்று சொல்லிவிட்டாள். நான் போவேன். அதே பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாவது போவேன். அவளுக்கு வாந்தி என்று காதில் விழுந்தால் குலசேகரத்திலிருந்து ஓடி வருவேன். அவள் கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பேன். அவளுக்குப் பல்லெல்லாம் போய், காது மந்தமாகி, அந்த வயசிலும், "இந்தச் சந்திராதான் எனக்க கல்யாணத்தக் கெடுத்தா" என்று குளச்சல் முழுக்கச் சொல்லித் திரிய வேண்டும். அதைக் கேட்க நானும் இருக்க வேண்டும். இதுதான் உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னை இன்னும் மன்னிக்காத,
உன் சந்திராக்கா
குலசேகரம்